சுவர் வருவதற்குள்

2011-ல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு செமினார் கொடுத்தேன். தலைப்பு, லேசர் மூலம் அணுக்கரு இணைவு. கரும்பலகையில் ஒரு நீள்சதுரம் வரைந்தேன். மேலேயும் கீழேயும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டேன். அவை லேசர் நுழையும் துளைகள். நீள்சதுரத்தின் மையத்தில் ஒரு சின்ன வட்டம். துளைகள் வழியாகச் சாய்வாகக் கோடுகள் உள்ளே போய்ச் சுவரில் முட்டுகின்றன. லேசர் சுவரில் படும், சுவர் சூடாகி எக்ஸ்-கதிர் விடும், அந்த எக்ஸ்-கதிர் நடுவில் உள்ள உருண்டையை நாலாபுறமும் அமுக்கும், உள்ளே ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகும் என்று நாலு வரியில் சொல்லி முடித்தேன். அடுத்த வருடத்துக்குள் அமெரிக்காக்காரர்கள் இதைச் சாதித்துவிடுவார்கள் என்று கூடுதலாக ஒரு ஜோசியமும் சொல்லிவிட்டு உட்காரப் போனேன்.

பின்வரிசையில் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "நீ வரைஞ்ச இந்தச் சுவர் எவ்வளவு நேரம்ப்பா சுவரா இருக்கும்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "சார், அது தங்கம் சார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "கணக்குப் போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கணக்கை அன்றைக்கே போட்டிருந்தால் ஜோசியம் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் வரைந்தது கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வகத்தில் இருக்கும் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்ற லேசர் கூடத்தின் இலக்கு. சுருக்கமாக நிஃப் என்பார்கள். 2009-ல் திறந்தார்கள். மூன்று கால்பந்து மைதானம் கொள்ளும் கட்டடம், அதற்குள் 192 லேசர் கற்றைகள். அகச்சிவப்பில் பிறக்கும் ஒளியை, கடைசியில் படிகங்கள் வழியாக அனுப்பி அலைநீளத்தை மூன்றில் ஒன்றாக்கி, 351 நானோமீட்டர் புற ஊதாவாக மாற்றுகிறார்கள். 192-ம் பத்து மீட்டர் விட்டமுள்ள ஒரு கோள அறையின் நடுப்புள்ளியை நோக்கிப் பாய்கின்றன. அந்த நடுப்புள்ளியில் உட்கார்ந்திருப்பதுதான் நான் வரைந்த டப்பா.

அதன் பெயர் ஹோல்ராம். ஜெர்மன் சொல், உள்ளே ஒன்றுமில்லாத கூடு என்று பொருள். நான் டப்பா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பர் அளவுதான். நீளம் சுமார் 11 மில்லிமீட்டர், விட்டம் 6 சொச்சம். இரண்டு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளை. உள்ளே, பெரிய கடுகு ஒன்றின் அளவில், 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. உருண்டையின் ஓட்டுக்கு உட்புறம் ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் பனிக்கட்டியாகப் படிந்திருக்கும்.

ஒளியை நேராக உருண்டை மேலேயே அடித்தால் என்ன என்று தோன்றும். அப்படியும் செய்கிறார்கள், அது வேறு பள்ளிக்கூடம். டப்பாவுக்குள் அடிப்பதில் ஒரு வசதி உண்டு. லேசரில் இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் உருண்டைக்குப் போய்ச் சேராது. சுவர் ஒளியை வாங்கி, எக்ஸ்-கதிராக்கி, அறை முழுக்க நிரப்பும். கிட்டத்தட்ட 35 லட்சம் டிகிரியில் ஒரு அடுப்பு. அந்த வெப்பத்தில் உருண்டையின் மேல்தோல் ஆவியாகி வெளியே பீறிடும். அதன் எதிர்விசையில் மிச்ச ஓடு உள்ளே பாயும், ராக்கெட் மாதிரி. வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டர் அளவு.

அந்த செமினார் முடிந்து ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பாவுக்கு கோவை டவுன் ஹால் பக்கத்தில் நகைப்பட்டறை. தங்கம் என்றதும் காதைக் கொடுத்தார். "எத்தனை மில்லி வரும்?" என்றார். பட்டறையில் மில்லி என்றால் மில்லிகிராம்தான். சுவர் கனம் 30 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். முழுக்கத் தங்கமாக இருந்தால் 150 மில்லிக்குக் கொஞ்சம் மேலே. அப்பாவின் முகம் தொங்கிப்போனது. ஒரு மூக்குத்தி. முடியின் கனத்தில் பாதிகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். "தஞ்சாவூர்ப் படத்துல ஒட்டுற ரேக்கு இதவிட எத்தனையோ மடங்கு மெல்லிசுடா" என்று அதையும் ஒன்றுமில்லாமல் ஆக்கினார்.

அப்புறம் அவரே கேட்டார்: "இத்தனை மெல்லிசு தங்கத்துல அத்தனை சூடு பட்டா நிக்குமா?"

பேராசிரியர் கேட்ட அதே கேள்வி. பட்டறை பாஷையில்.

சரி, கணக்குக்கு வருவோம். லேசர் படும் இடத்தில் தங்கம் உருகுவதில்லை, கொதிப்பதும் இல்லை. அந்தக் கட்டங்களுக்கெல்லாம் அங்கே நேரமே கிடையாது. ஒரு நானோ நொடிக்குள், அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள், அது பிளாஸ்மா, எலக்ட்ரான்கள் கழன்றுபோன வாயு. தங்க அணுவில் 79 எலக்ட்ரான்கள் உண்டு. அந்த வெப்பத்தில் சுமார் ஐம்பது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். எலக்ட்ரான்களின் வெப்பநிலை மூன்று கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது மூன்றரைக் கோடி டிகிரி. இப்படிப்பட்ட பிளாஸ்மா வெற்றிடத்துக்குள் விரியும் வேகம் ஏறக்குறைய அதற்குள் ஒலி போகும் வேகம். ஐம்பதை மூன்று கிலோ எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்கி, தங்க அணுவின் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு 270 கிலோமீட்டர் வருகிறது. அதாவது ஒரு நானோ நொடிக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேலே.

இதைப் பெரிய வேகம் என்று பார்ப்பதைவிட டப்பாவின் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். டப்பாவின் ஆரம் 3 மில்லிமீட்டர் சொச்சம். உருண்டையின் ஆரம் ஒரு மில்லிமீட்டர். நடுவில் உள்ள சந்து இரண்டு மில்லிமீட்டர். தடுக்க ஆளில்லை என்றால் எட்டு நானோ நொடியில் சுவர் வந்து உருண்டையைத் தொட்டுவிடும். அன்றைக்கு நிஃபில் லேசர் எரிந்த நேரம் 20 நானோ நொடி அளவு.

நான் நேர்கோடாக வரைந்த சுவர், வேலை பாதிகூட முடியாமல் இருக்கும்போதே நடுவீட்டுக்கு வந்துவிடுகிறது.

அது உருண்டையைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. ஒளி போகும் பாதையில் குறுக்கே நின்றாலே போதும். அதைச் சொல்வதற்கு முன் கற்றைகள் எப்படிப் பிரிகின்றன என்று பார்த்துவிடலாம். 192-ல் 128 கற்றைகள் அகலமான கோணத்தில் நுழைந்து, துளைக்குப் பக்கத்திலேயே சுவரில் விழுகின்றன. இவற்றை வெளிக்கற்றைகள் என்பார்கள். மீதி 64, உள்கற்றைகள். அவை செங்குத்துக்குக் கிட்டத்தில் சாய்வாக இறங்கி, உருண்டையின் ஓரமாக நழுவி, டப்பாவின் இடுப்புப் பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். உருண்டைக்கு மேலும் கீழும் சூடு கொடுப்பது வெளிக்கற்றை. இடுப்பில் கொடுப்பது உள்கற்றை. இரண்டும் சமமாக இருந்தால்தான் உருண்டை உருண்டையாகவே சுருங்கும்.

இப்போது வெளிக்கற்றைகள் படும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கேதான் தங்கம் முதலில் சூடாகி, முதலில் கிளம்புகிறது. அப்பளம் பொரியும்போது ஓரிடத்தில் மட்டும் குமிழ் எழும்புமே, அந்த மாதிரி சுவரிலிருந்து தங்கக் குமிழ் ஒன்று உள்ளே புடைத்து வருகிறது. சுற்றிலும் கற்றைகள் படுவதால் அது ஒரு வளையமாகவே வரும். அந்த வளையம் வளர வளர உள்கற்றைகளின் பாதையை அடைக்கிறது. தங்கம் கனமான தனிமம். அதன் பிளாஸ்மா ஒளியைத் தின்பதில் கெட்டி. இடுப்புக்குப் போக வேண்டிய ஒளி, வழியிலேயே குமிழில் செலவாகிவிடுகிறது. எதிர்ப்பக்கம் உருண்டையும் சும்மா இல்லை. அதன் மேல்தோல் ஆவியாகி வெளியே வர, நடுவில் உள்ள சந்து இன்னும் குறுகுகிறது.

இடுப்பில் சூடு குறைந்தால் மேலும் கீழும் அழுத்தம் ஜாஸ்தி. உருண்டை தட்டையாகிவிடும். லிவர்மோர்க்காரர்கள் இந்த வடிவத்தை அவர்கள் ஊர்த் தட்டைப் பணியாரத்தின் பெயரால் சொல்வார்கள். நமக்கு ஊத்தப்பம். இடுப்பில் சூடு அதிகமாகிவிட்டால் நீண்டுபோகும், அது பிடிகொழுக்கட்டை. இரண்டிலும் நடுவில் சேர வேண்டிய வெப்பம் சேராது. ஆரத்தை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டிய வேலை இது. ஆரம்பத்தில் ஒரு சதவீதம் கோணல் என்றாலும் கடைசியில் அது பூதாகரமாகத் தெரியும்.

தடுக்க ஆளில்லை என்றால் என்று மேலே எழுதினேன். தடுக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் ஹீலியம்.

இதை அப்பாவுக்கு விளக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. தாலிக்குண்டு செய்வதை அவரிடமிருந்துதான் பார்த்திருக்கிறேன். தகட்டைக் கிண்ணமாக அடித்து, இரண்டு கிண்ணத்தைச் சேர்த்துப் பத்தவைத்தால் உள்ளே வெற்றாக இருக்கும். அப்படியே விட்டால் ஒருநாள் நசுங்கிவிடும். அதனால் உள்ளே அரக்கை உருக்கி அடைப்பார்கள். தகடு மெல்லிசாக இருந்தாலும் குண்டு கல் மாதிரி நிற்கும். நிஃபின் டப்பாவுக்குள் அடைத்த ஹீலியம் அந்த அரக்குதான். துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் சவ்வால் மூடி, உள்ளே கன சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் அடர்த்தியில் ஹீலியத்தை நிரப்பினார்கள். லேசர் பட்டதும் அதுவும் சூடாகிப் பிளாஸ்மாவாகி, வரும் தங்கத்தை எதிர்த்துத் தள்ளும். 1990-களில் லிவர்மோரின் பழைய நோவா லேசரிலேயே முயன்று பார்த்த வழி. புதிதாக ஒன்றும் இல்லை.

"அரக்கு வச்சா ஒரு தொல்லை உண்டு" என்றார் அப்பா. "கடைக்காரன் எடை போட்டுட்டு, இதுல தங்கம் எவ்வளவு அரக்கு எவ்வளவுன்னு சண்டைக்கு வருவான்."

அங்கேயும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. அதை நான் பின்னால்தான் படித்தேன். லேசர் ஒளி இப்போது சுவருக்குப் போக நாலைந்து மில்லிமீட்டர் ஹீலியம் பிளாஸ்மாவைக் கடக்க வேண்டும். பிளாஸ்மா கண்ணாடி மாதிரி சாதுவான ஊடகம் இல்லை. உள்ளே எலக்ட்ரான்கள் கூட்டமாக அலையடிக்கும். தீவிரமான ஒளி அந்த அலையில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளியும் வரும் ஒளியும் சேர்ந்து அதே அலையை இன்னும் வளர்க்கும். வளர்ந்த அலை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கும். கடன் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். முடிவில் ஒளியின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. அந்த நாட்களில் லேசர் ஆற்றலில் 15 சதவீதம் வரை இப்படிப் போனது, அதிலும் பெரும்பங்கு உள்கற்றைகளிலிருந்து. அந்த அலையில் சிக்கிய எலக்ட்ரான்கள் வேறு தறிகெட்டு ஓடிப்போய் எரிபொருளை நேரத்துக்கு முன்பே சூடாக்கும். சூடான பொருளை அமுக்குவது கஷ்டம்.

இந்தச் சிதறலின் பெயர் தூண்டப்பட்ட ராமன் சிதறல். ஆமாம், நம்ம ராமன்தான். திருவானைக்காவலில் பிறந்தவர், 1928-ல் கல்கத்தாவில் கண்டுபிடித்தது. அவர் பார்த்தது மூலக்கூறின் அதிர்வில் பட்டு நிறம் மாறும் ஒளி. இங்கே மூலக்கூறுக்குப் பதிலாக எலக்ட்ரான் கூட்டத்தின் அதிர்வு. கொடுத்ததைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் ஒளி வெளியே வருகிறது, வித்தியாசத்தை அலை எடுத்துக்கொள்கிறது. தத்துவம் ஒன்றே. கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். இந்தத் துறையின் இன்னொரு பரம எதிரி, கனமான பாய்மத்தை லேசான பாய்மம் தள்ளும்போது எல்லைக்கோடு விரல் விரலாகக் கிழிவது. எண்ணெய் மேல் தண்ணீர் ஊற்றினால் நடப்பது. ராலே-டெய்லர் என்று பெயர். ஹீலியம் தங்கத்தைத் தள்ளும் இடத்திலும் அதுதான், உருண்டையின் ஓட்டிலும் அதுதான். அதன் கணிதத்தை 1961-ல் ஒரு முழு அத்தியாயமாக எழுதி வைத்தவர் வானியற்பியலாளர் சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். சித்தப்பாவின் விளைவு ஒளியைத் திருடுகிறது, அண்ணன் மகன் கணக்கெழுதிய விளைவு உருண்டையைக் கிழிக்கிறது. அந்தக் குடும்பம் கலிஃபோர்னியாவில் இத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று மயிலாப்பூரில் யாராவது நினைத்திருப்பார்களா!

2012 செப்டம்பர் கடைசியில், பற்றவைப்புக்கு, அதாவது உருண்டைக்குள் இணைவு தானாக மூண்டு பரவுவதற்கு, நிஃப் வைத்திருந்த கெடு முடிந்தது. பற்றவில்லை. என் ஜோசியம் பொய்த்தது. நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். செய்தியைப் படித்ததும் பேராசிரியர் முகம்தான் ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்த விஷயம் இதற்குப் பின்னால் நடந்தது. பத்திரிகைகளில் 2012-ல் தோல்வி, 2022-ல் வெற்றி என்று இரண்டு செய்திகள் வந்தன. நடுவில் இருந்த பத்து வருடம் எதிலும் பெரிதாக வரவில்லை. என் பார்வையில் அந்தப் பத்து வருடத்தில் மாறிய முக்கியமான விஷயம், சுவரைப் பற்றிய எண்ணம். அதுவரை சுவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். பிடிக்கப் பிடிக்க வாயு வேண்டும். வாயு சேரச் சேர ஒளி திரும்பிப் போகும். போன ஒளியை ஈடுகட்ட வேறு தந்திரம் வேண்டும். அந்தத் தந்திரம் நேரத்துக்கு நேரம் மாறிச் சமச்சீரைக் கெடுக்கும். பிறகு ஒரு கட்டத்தில், சுவர் வரட்டும், அது வருவதற்குள் நாம் வேலையை முடித்துவிடுவோம் என்று மாறினார்கள்.

அதற்கு உதவியது வைரம். முன்பு உருண்டையின் ஓடு பிளாஸ்டிக். அதன் அடர்த்தி தண்ணீருக்குக் கிட்டத்தில். செயற்கை வைரத்தின் அடர்த்தி அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதே எடைக்கு ஓடு மெல்லிசாகிவிடும். ஓடு மெல்லிசானால், சூட்டின் உதையில் கிளம்பும் அதிர்ச்சி அலை அதைச் சீக்கிரம் கடந்துவிடும். ஆகவே லேசர் எரியும் நேரமும், அதாவது துடிப்பின் நீளமும், குறையலாம். 20 நானோ நொடி எட்டு, ஒன்பதுக்கு வந்தது. சுவருக்குக் கிடைத்த நேரம் பாதிக்கும் கீழே. நேரம் குறைந்ததால் அரக்கும் குறைந்தது. ஹீலியத்தை மூன்றில் ஒரு பங்காக, 0.3 மில்லிகிராமுக்கு இறக்கினார்கள். ராமன் சிதறல் ஏறத்தாழ அடங்கிப்போனது. வாயுவே இல்லாத அளவுக்கு, 0.03 வரைக்கும் குறைத்தும் பார்த்தார்கள். ஒளி வீணானது மிகக் குறைவு, ஆனால் சுவர் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தப் பாதை அதிக தூரம் போகவில்லை.

நகரும் சுவரை ஒத்துக்கொண்ட பிறகு, அது எவ்வளவு நகரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். சுவரில் சில இடங்களை வேண்டுமென்றே மெல்லிசாக்கி, வெளியே இருந்து எக்ஸ்-கதிர்க் கேமராவில் தங்கக் குமிழ் வளர்வதைப் படமெடுத்தார்கள். லிவர்மோர் இயற்பியலாளர் டெபி காலஹனும் கூட்டாளிகளும் நிஃபின் சோதனைகளை ஒன்றாகப் போட்டு 2018-ல் ஒரு எளிய விதி எழுதினார்கள். உருண்டை ஊத்தப்பமாகுமா கொழுக்கட்டையாகுமா என்பதைப் பெருமளவு சொல்லிவிட நாலு விஷயம் போதும்: டப்பாவுக்கும் உருண்டைக்கும் உள்ள அளவு விகிதம், வாயுவின் அடர்த்தி, துடிப்பின் நீளம், முதல் அடியில் வெளிக்கற்றைகள் கொடுக்கும் ஆற்றல். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லேசர் துடிப்பு ஒரே சீராக வராது. முதலில் ஒரு சின்ன உதை, பிறகு மெல்ல ஏறி, கடைசியில் உச்சம். குமிழ் கிளம்புவது அந்த முதல் உதையில். அங்கே கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டால், ஆறேழு நானோ நொடி கழித்து உச்சம் வரும்போது வழி அடைபட்டிருக்கும். சூப்பர் கம்ப்யூட்டரில் நாள்கணக்கில் ஓடும் கணக்கு ஒருபக்கம் இருக்க, ஒரு தாளில் எழுதிவிடக்கூடிய இந்த மாதிரி விதிகள்தான் ஆராய்ச்சியை நகர்த்துகின்றன என்பது என் எண்ணம்.

டப்பாவின் வடிவத்திலும் கை வைத்தார்கள். வெளிக்கற்றை படும் இடத்தில் சுவரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு பள்ளம் வைத்தால், குமிழ் அங்கிருந்து கிளம்பி வர நேரமாகும். இரண்டு வெட்டிய கூம்புகளை அகன்ற வாயோடு வாய் சேர்த்து, பம்பரம் மாதிரி இடுப்பு பெருத்த டப்பா இன்னொன்று. சுவருக்கு உட்புறம் நுரை போன்ற லேசான உலோகப் பூச்சு கொடுத்துக் கிளம்பும் வேகத்தைக் குறைக்கலாமா என்றும் பார்த்தார்கள். காந்தப்புலத்தையும் விடவில்லை. 2022-ல் வெளியிட்ட சோதனையில் 26 டெஸ்லா புலத்தை டப்பாவுக்குள் செலுத்தினார்கள். வாயு நிரப்பிய உருண்டையில் வெப்பம் 40 சதவீதமும் நியூட்ரான் விளைச்சல் மூன்று மடங்குக்கு மேலும் கூடியது. அதற்குச் சொக்கத்தங்கம் ஒத்துவரவில்லை. தங்கம் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துவதால், சட்டென்று ஏறும் காந்தப்புலத்தை உள்ளே விடாது. டேன்டலம் என்ற உலோகத்தைக் கலந்து, கடத்தலைக் கெடுத்த பிறகுதான் புலம் நுழைந்தது. மாற்றுக் குறைந்த தங்கத்துக்கு மவுசு வந்த ஒரே இடம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 8-ல் 1.9 மெகாஜூல் லேசருக்கு 1.35 மெகாஜூல் இணைவு ஆற்றல் வந்தது. வாசல்படியில் கால் வைத்தாயிற்று. அதன் பிறகு லேசரின் ஆற்றலை 2.05 மெகாஜூலுக்கு ஏற்றி, வைர ஓட்டின் கனத்தையும் சற்றுக் கூட்டினார்கள். 2.05 மெகாஜூல் எவ்வளவு ஆற்றல் என்றால், வீட்டில் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், அவ்வளவுதான். ஓடு கனமானதால் துடிப்பு கொஞ்சம் நீண்டது. நீண்டால் என்ன ஆகும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். 2022 செப்டம்பரில் சுட்டபோது உருண்டை ஊத்தப்பமாகிவிட்டது. 1.2 மெகாஜூல்தான் வந்தது. முந்தைய வருடத்தைவிடக் குறைவு.

அதைச் சரிசெய்யச் சுவரையும் தொடவில்லை, டப்பாவையும் மாற்றவில்லை. ஒளியின் நிறத்தைத் தொட்டார்கள். உள்கற்றைகளும் வெளிக்கற்றைகளும் துளையில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. கடக்கும் இடத்தில் இருக்கும் பிளாஸ்மாவில், இரண்டு ஒளியும் சேர்ந்து ஓர் அலையை எழுப்பும். அந்த அலை ஒரு கற்றையிலிருந்து ஆற்றலை எடுத்து மற்றதில் விடும். எது கொடுக்கும், எது வாங்கும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டின் அலைநீள வித்தியாசம். உள்கற்றையின் அலைநீளத்தை ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒன்று) கணக்கில் துளி நீட்டினால், வெளிக்கற்றையிலிருந்து ஒளி அதற்குப் போகும். வயலில் மடை திருப்பிவிடுவது மாதிரி. மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை இந்தப் பக்கம் அள்ளிப் போட்டால் தண்ணீர் அந்தப் பாத்திக்குப் போகிறது. 2012-க்கு முன்னால் இதே மடையை வாய்க்கால் முழுக்க அகலத் திறந்து, திரும்பிப் போன ஒளியை ஈடுகட்டப் பார்த்துத் தோற்றார்கள். இப்போது அளவாகத் திறந்தார்கள். குமிழ் தின்றது போக இடுப்புக்குப் போதுமான ஒளி போய்ச் சேர்ந்தது.

2022 டிசம்பர் 5, அந்த ஊர் நேரம் நள்ளிரவு ஒரு மணிக்குச் சுட்டார்கள். 2.05 உள்ளே, 3.15 வெளியே. இலக்குக்குள் போன ஒளியைவிட அதிக ஆற்றல் முதல்முறையாக வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் 1.2. பெரிய மாற்றம், மடையில் போட்ட ஒரு கொத்து மண்.

வெற்றியைக் கொஞ்சம் அளந்தும் பார்க்க வேண்டும். அந்த 2.05 மெகாஜூல் ஒளியை உண்டாக்க லேசர் கூடம் மின்கம்பியிலிருந்து இழுத்தது 300 மெகாஜூலுக்கு மேலே. இதற்குப் பிறகு 2024 பிப்ரவரியில் 5.2-ம், 2025 ஏப்ரலில் 8.6 மெகாஜூலும் வந்தன, அப்போதும் இந்த இடைவெளி பெரிதுதான். மின்நிலையம் என்றால் நொடிக்குப் பத்து டப்பா அளவில் சுட வேண்டும். இங்கே ஒன்றைத் தயார் செய்து, குளிர்வித்து, மையத்தில் நிறுத்தவே நாள்கணக்காகும். நிஃப் மின்சாரத்துக்குக் கட்டியதும் அல்ல. அணு ஆயுதங்களை வெடிக்காமலே சோதிக்க அமெரிக்கா கட்டிய கூடம் என்பதை நம் பத்திரிகைகள் வழக்கம்போல ஐந்தாவது பத்தியில் போட்டன, அல்லது போடவே இல்லை. நாளைக்கே இதில் நம் வீட்டு விளக்கு எரியும் என்று யாராவது சொன்னால், 2011-ல் என் செமினாரை நினைத்துக்கொள்வேன்.

அறிவிப்பு டிசம்பர் 13-ல் வந்தது. மறுநாள் காலை அப்பா தொலைபேசியில் அழைத்தார். பேப்பரில் படம் போட்டிருந்தார்களாம்.

"ஏண்டா, நீ அன்னிக்குச் சொன்ன தங்க டப்பாதானே இது?"

"ஆமாங்கப்பா."

"சுட்டதுக்கப்புறம் அந்தத் தங்கம் என்ன ஆகும்?"

ஆவியாகி அந்த அறைக்குள்தான் படியும் என்றேன். பட்டறைத் தெருவில் சாக்கடை மண்ணை அள்ளி, அரித்து, தங்கத்தூள் எடுத்துப் பிழைப்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அப்பா எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப அங்க கூட்டுறவன் கொடுத்து வச்சவன்."

"இல்லீங்கப்பா, இப்ப முழுத் தங்கம் இல்ல. அடியில யுரேனியம். எக்ஸ்-கதிரைத் தங்கத்தைவிட நல்லாத் திருப்பி அனுப்பும். காத்துப் பட்டாக் கறுத்துடும்னு மேல மட்டும் மெல்லிசாத் தங்கம் பூசியிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம்.

"கவரிங்கா?" என்றார்.